பெரகலை எறக்கத்துல உன் அடைக்கட்டை

அண்ணே,

காலையில சேலையைத் தோய்க்க எடுத்தேன். சவுக்காரம் போட முந்தி மூக்குக்குக் கிட்ட கொண்டு போனா, அந்த நாத்தம் இன்னும் அப்புடியே இருக்கு. கருகுன பிரேக்கு நாத்தம். விபூதியும் கற்பூரமும் மணக்க வேண்டிய சேலை, முருகா, லொறி கராஜ் மாதிரி நாறுது. உனக்கு இந்த நாத்தம் தூரத்துலயே புடிபட்டுரும். முன்னால போற வண்டியை மோந்தே சொல்லுவ, "இந்தா போறான் பாரு, காலை பிரேக்கு மேல குடி வச்சிருக்கான்"னு. நீ ஓட்டுற டூரிஸ்ட் வேன் நெறைய வெளிநாட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க, ஓரத்துல நானும் தொத்திக்கிட்டு வருவேன். நீ பாட்டுக்கு ஜன்னல்ல தலையை நீட்டி மோந்துக்கிட்டு வருவ. எனக்கு மானம் போகும்.

இந்த நாத்தம் எப்புடி வந்துச்சுன்னு கேப்ப. எல்லாம் நீ பாக்காமப் போன மாப்பிள்ளையால வந்தது. உன் மக சுதா உன் தெவசத்துக்குன்னு புருஷனைக் கூட்டிக்கிட்டு பிரான்சுலேருந்து வந்திருக்கா. யாழ்ப்பாணத்து ஆளுங்க, ஆனா இவரு பொறந்து வளந்ததெல்லாம் அங்கதான். நல்ல புள்ளை. கோயிலுக்குக் கூப்பிட்டா வருவாரு, விபூதி குடுத்தா பூசுவாரு. வண்டின்னா மட்டும் யாரு பேச்சும் காதுல ஏறாது. கொழும்புலயே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, அவரே ஓட்டிக்கிட்டு பதுளையில வந்து எறங்குறாரு.

"டிரைவரோட ஒரு வேன் புடிச்சா என்ன மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன்.

"நான் அங்க பனிக்குள்ளயும் ஓடுறனான் அத்தை. நீங்க பயப்பிடாதேங்கோ."

பனியில ஓட்டுறது வேற, நம்ம பஸ்ஸுக்கு நடுவுல ஓட்டுறது வேற. பனி என்ன ஹார்ன் அடிச்சுக்கிட்டு வளைவுல முந்திக்கிட்டா வருது? சொன்னா சிரிக்கிறாரு. சுதாவும் கூடச் சேந்து சிரிக்கிறா. உன் பக்கத்து சீட்டுல உக்காந்து வளந்தவ அவ.

தெவசம் பெரகலைக்குக் கீழ கொஸ்லந்தயில, அண்ணி வீட்டுல. படையல்ல உனக்குப் புடிச்சதெல்லாம் வைக்கணுமே. வெத்தலை, அதிரசம், கருவாடு, நீ ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்ச கால் போத்தல் கூட, சாமி என்னை மன்னிக்கணும், வாங்கி வச்சுட்டேன். அதோட உன் அடைக்கட்டையையும் பைக்குள்ள போட்டேன். வேனை எங்க நிப்பாட்டுனாலும் எறங்குன கையோட டயருக்கு முன்னால அண்டக் குடுப்பியே, அந்த மரக்கட்டைதான். நீ போனப்பறம் அண்ணி அதை அடுப்புல வைக்கப் பாத்தாங்க. நான்தான் புடுங்கிக்கிட்டு வந்தேன்.

"அத்தை விறகும் கொண்டு வாறாவோ?"ன்னு சுதாக்கிட்ட மாப்பிள்ளை கேக்குறாரு. எனக்குக் காது கேக்காதுன்னு நெனப்பு.

அங்கல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம்தான் போவாங்களாம். இங்கயும் போய்க்கிட்டே இருந்தா சரியாத்தான் போறாரு. எங்கயாவது நிப்பாட்டிட்டு மறுபடி எடுத்தா முடிஞ்சுச்சு, கை தன்னால வலப்பக்கம் திருப்பிரும். பண்டாரவளையில டீ குடிச்சிட்டு வெளிய எடுக்குறோம், நேர் எதுக்க மரக்கறி லொறி. "லெஃப்ட், லெஃப்ட்"னு சுதா கத்துறா. லொறிக்காரன் தலையை வெளிய போட்டு சிங்களத்துல நல்லாக் குடுத்தான்.

"என்ன சொல்லுறார் அத்தை?"

"உங்கம்மா சொகமான்னு விசாரிக்கிறாரு."

அப்புத்தளை தாண்டி பெரகலைக்கு எறங்கத் தொடங்குனதும் மூடுபனி வந்து மூடிருச்சு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை காலை பிரேக்கை விட்டு எடுக்கவே இல்ல. எனக்கு மூக்குல ஏறிருச்சு.

"மாப்பிள்ளை, நாறுது."

"அது முன்னால போற பஸ் அத்தை."

"முன்னால பஸ்ஸே இல்லியே."

"அத்தை, கொஞ்சம் பேசாம வாங்க, அவரு ஓட்டணும்"னா உன் மக.

நான் கந்த சஷ்டியை வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு வந்தேன். அடுத்த வளைவுல மாப்பிள்ளை குரல் மாறிருச்சு. "பிரேக் கொஞ்சம் கீழ போகுது"ன்னு அவளுக்கு மட்டும் சொல்லுறாரு. சொல்லிட்டு என்ன செய்யுறாருங்குற? இன்னும் அழுத்தி மிதிக்கிறாரு. கீழ போயிட்டா சமதரை வந்துரும், அங்க பாப்பமாம், ஐயர் காத்துக்கிட்டிருப்பாராம். அந்த எறக்கத்துக்கு அடியில சமதரை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

கார் நாறுதுன்னா நிப்பாட்ட மாட்டாரு. அதனால வேற மாதிரிச் சொன்னேன். "ரோட்டு ஓரத்துல முனியாண்டி கோயில் வரும். உங்க மாமா ஒரு நாளும் அங்க நிப்பாட்டாமப் போனதில்ல. இன்னிக்கு அவரு தெவசம். நீங்க தாண்டிப் போனா அவரு படையலைத் தொட மாட்டாரு." இதை எந்த ஐயரும் சொன்னதில்ல. முனியாண்டி முன்னால வந்து நின்னு சொல்ல வச்ச மாதிரி வாயில வந்துச்சு.

நிப்பாட்டுனாரு. கோயிலைத் தாண்டித்தான் நின்னுச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு மூச்சு விடுறாரு, கார் மெதுவா நகருது. நான் கதவைத் தொறந்து எறங்கி, பையைக் கவுத்தேன். அதிரசம் ஒரு பக்கம் உருளுது, போத்தல் ஒரு பக்கம் உருளுது. உன் கட்டையை எடுத்து டயருக்கு முன்னால போட்டு காலால தள்ளுனேன். டயர் ஏறிப் பாத்துச்சு. பெறகு நின்னுருச்சு. சக்கரத்துலேருந்து வந்த பொகையெல்லாம் என் சேலையிலதான்.

உன்னை அந்தக் கோயில்ல எத்தனை தடவை திட்டியிருப்பேன். வீட்டுப் பக்கத்துல இருக்குற மாரியம்மனை எட்டிப் பாக்க மாட்ட, இங்க மட்டும் எறங்கி, அடைக்கட்டை போட்டு, சுத்தி வந்து, வெத்தலை மென்னு, ஒரு பிளேன்டீயும் குடிச்சிட்டுத்தான் வருவ. வேன்ல இருக்குற வெள்ளைக்காரங்க கைக்கடிகாரத்தைக் காட்டுவாங்க. அவங்களுக்கும் நெத்தியில குங்குமம் வச்சு, டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருவ. "இது பக்தியா, சோம்பேறித்தனமா?"ன்னு ஒரு நாள் கேட்டேன். "சாமிக்குக் கும்பிடு, வண்டிக்கு மூச்சு"ன்ன. வண்டியைச் சாமியோட சேத்துப் பேசுறியேன்னு அதுக்கும் உன்னோட சண்டை போட்டேன்.

நேத்து நானும் அதையே செஞ்சேன். ஒரு கற்பூரத்தோட முடிக்கிற பூசையை, தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடி இழுத்தேன். மாப்பிள்ளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்குறாரு. தண்ணிப் போத்தலை எடுத்துச் சக்கரத்துல ஊத்தப் போனாரு. கும்பிட எறங்குன ஒரு தேயிலைக் கொழுந்து லொறி டிரைவர் கையைப் புடிச்சுட்டாரு.

"ஊத்தாதீங்க தம்பி, வெடிச்சுரும். தன்னால ஆறட்டும். கியர் எதுல வச்சு வந்தீங்க?"

"ஆட்டோ கியர்தானே, 'D'யில."

"எறக்கம் முழுக்க 'D'யிலயா? 'L'ல, சின்னக் கியர்ல போட்டு எறங்குங்க. எஞ்சின் புடிச்சுக்கும்." பெறகு டயருக்கு முன்னால இருந்த கட்டையைப் பாத்துட்டு, "இது நம்ம அண்ணனோடதுல்ல?"ன்னு கேட்டாரு. சுதா அங்கயே அழுதுட்டா. மாப்பிள்ளை கட்டையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. விறகுன்னு சொன்னது ஞாபகம் வந்திருக்கும்.

நீ அங்க நின்னது முனியாண்டிக்கா பிரேக்குக்கான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாமலே இருக்கட்டும். படையல்ல கட்டையை இலைக்குப் பக்கத்துல வச்சேன். அண்ணி மொறைச்சாங்க. வச்சேன்.

இதோட புத்தி வந்திருக்கும்னு நெனச்சியா? இன்னிக்கு எல்லங்குற ஊரைச் சுத்திப் பாக்கப் போறாங்களாம். டிரைவர் வேணாமாம், அவரே ஓட்டுவாராம். வெறுத்துப் போய்தான் சேலையைத் தூக்கிக்கிட்டுத் தோய்க்கப் போனேன். மாப்பிள்ளை பின்னாலயே வந்து நிக்கிறாரு.

"அத்தை, அந்தக் கட்டையை ஒருக்கா தாறீங்களா?"

கட்டை தனியா வராது, நானும் வந்தாத்தான் வரும்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாரு. என் மடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காரப் போறேன். இனி யாரு வண்டியில ஏறுனாலும் அப்புடித்தான், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.

ஹார்ன் அடிக்கிறாங்க அண்ணே, போயிட்டு வாறேன். ஜன்னல் வழியாப் பாக்குறேன், காரை வெளிய எடுத்து வச்சிருக்காரு. ரோட்டுக்கு வலப்பக்கம்.