நூற்றுத் தொண்ணூறு டிகிரி

10-2-92, திங்கள்

ஆவடியில் வண்டியை இருபது நிமிடம் போட்டுவிட்டார்கள். அம்பத்தூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். பார்த்தால் என் மேசையில் மணிக்கு மணி சூடு குறிக்கும் பழைய லாக் புத்தகம் ஒன்றுகூட இல்லை. நான்கு வருடத்துப் புத்தகங்களையும் நாகவல்லி மேடம் கோணியில் கட்டி எடுத்துப் போயிருக்கிறார். டிசம்பரில் சேர்ந்த இஞ்சினியர். பூந்தமல்லி பக்கம் நூம்பல் ஊர்ப் பெண். சோப்புத்தூளுக்கு ஆசிட் செய்யும் எங்கள் ஆலைக்கு இவர்தான் முதல் பெண் இஞ்சினியர். நாங்கள் கிறுக்கியதில் படிக்க என்ன இருக்கிறது? மனசு சரியில்லை.

12-2-92

மேடமே பர்னர் பக்கம் வந்தார். விஷயம் இதுதான். கந்தகம் எரிந்து வரும் வாயுவை ஆறவைக்க நாங்கள் ஊதும் காற்று சூடேறிச் சும்மா வானத்துக்குப் போகிறது. அதைக் குழாய் போட்டுத் திருப்பி, ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல்லைக் காயவைக்கப் போகிறாராம். இப்போது அதற்குக் கரண்டு ஹீட்டர். நல்ல யோசனைதான், யார் இல்லை என்றது?

"நாலு வருஷமா 190 டிகிரி. ஒரு டிகிரி அசையல. எப்படிண்ணா இவ்ளோ ஸ்டெடியா ஓட்டுறீங்க?" என்றார்.

"பழக்கந்தான் மேடம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

13-2-92

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்தத் தெர்மாமீட்டர் முள் 87 மழையில் 190-இல் சிக்கியது. புதுசு கேட்டு எழுதிக் கொடுத்தோம், வரவில்லை. "கட்டம் காலியா இருந்தா ஆடிட்டுல கேப்பான். 190-ன்னே போட்டு வை," என்றார் சூப்பர்வைசர் மணவாளன். மூன்று ஷிப்டும் போட்டோம். போகப் போக முள்ளைப் பார்ப்பதையும் விட்டோம். ரயிலைப் பிடிக்க வேண்டி, இரண்டு மணிக் கட்டத்தை ஒரு மணிக்கே நிரப்பினோம். அடுத்த வருடம் பெரிய ஃபேன் வந்தது. காற்று கூடினால் சூடு குறையாதா? குறைந்திருக்கும். என் சாப்பாட்டு டப்பாவை அந்தக் குழாய்மேல்தான் வைக்கிறேன். முன்பு கால் மணியில் சுட்ட சாம்பாருக்கு இப்போது முக்கால் மணி ஆகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

20-2-92

மேடம் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். "150-க்குக் கீழ போனாத்தான் ஜெல் காயாது. ஈரக் காத்து உள்ள போச்சுன்னா அங்கியே ஆசிட் ஆயிடும். கன்வெர்ட்டர் அரிச்சுப் போயிடும், சரக்கு கறுத்துடும். நமக்குத்தான் நாப்பது டிகிரி மிச்சமா இருக்கே," என்று சிரிக்கிறார். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவன்.

அடுத்த ஷிப்ட் கன்னியப்பனை ஸ்டேஷனில் பிடித்து, மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

"நீ இன்னா மாமே புதுசா கொயப்பிக்கினு கீற? வாயத் தொறந்தினா மூணு ஷிப்டும் காலி. பொய் ரெக்கார்டுன்னு டிஸ்மிஸ் பண்ணுவான். என் பொண்ணுக்கு வைகாசில கல்யாணம் கீது, மறந்துராத."

"அந்தப் பொண்ணு வேலை போயிடுமேடா."

"அது படிச்சிக்கீது. வேற எடம் பாத்துக்கும்."

27-2-92

இன்றும் 190 எழுதினேன்.

5-3-92

டைரக்டர் சரி சொல்லிவிட்டார். இன்னொரு தடவை அளந்து பார்க்கலாமா என்று மேடம் கேட்டாராம். நாலு வருட ரெக்கார்டு இருக்கும்போது எதற்கு என்றாராம். குழாய் வேலைக்கு ஆள் வந்தாயிற்று. பழைய ஹீட்டர்களைக் கழற்றப் பூந்தமல்லி பழைய இரும்பு வியாபாரி பங்குனி முடிவில் வருகிறான். கழற்றிவிட்டால் திரும்பி வர வழி இல்லை.

டைரக்டருக்கு மேடம் கொடுத்த திட்ட நோட்டில் கடைசி வரி: "தகவல் உதவி: திரு. ராயப்பன், ஆபரேட்டர்." காட்டுவதற்காகவே தேடி வந்தார். பர்னரில் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

9-3-92

லேபிலிருந்து தெர்மாமீட்டர் கடன் வாங்கி, குழாய் ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். 118. மறுபடி 118. மூன்றாம் முறை 117.

வாயால் சொல்ல வரவில்லை. கட்டத்தில் 118 என்று எழுதினேன். யாராவது பார்த்துக் கேட்கட்டும்.

11-3-92

நான் 118. எனக்குக் கீழே கன்னியப்பன் 190. அவனுக்குக் கீழே நைட் ஷிப்ட் 190. காலையில் நான் மறுபடி 118. கன்னியப்பன் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறான், தாள் கிழிந்திருக்கிறது.

12-3-92

கேட்டுவிட்டார்கள். எப்படி என்று தெரியுமா? மெமோ. "உங்கள் ஷிப்டில் மட்டும் வெப்பம் 72 டிகிரி குறைவது ஏன்? பணியில் கவனக்குறைவா? 48 மணி நேரத்துக்குள் விளக்கம் தேவை."

நான்கு வருடம் பொய் எழுதியபோது கேட்க ஒரு நாதி இல்லை. மூன்று நாள் உண்மை எழுதினேன், மெமோ. கொடுத்த மணவாளன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா பாத்துட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துரு, முடிஞ்சிரும்," என்றார்.

எழுதினால் முடிந்துவிடும்தான்.

13-3-92

வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். ஞானசௌந்தரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எதையோ ஒண்ணு எழுதித் தொலைங்க. நீங்க நடக்கிற நடையில செவுத்துல கீற பல்லிகூட ஊட்ட உட்டு ஓடிடுச்சு."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றேன். முறத்தை மறுபடி எடுத்து அரிசியில் கல் பொறுக்கினாள்.

"மத்தவங்க பேரு வராம எழுத முடியுமா?" என்றாள்.

அதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. அப்போதுதான் தொண்ணூறாம் வருஷ தீபாவளி ஞாபகம் வந்தது. கிறிஸ்தவனான எனக்கு அந்தப் பண்டிகை இல்லை என்று எல்லோருக்கும் பதிலாக நான் டியூட்டிக்குப் போனேன். ஆலை நின்றிருந்தது. பர்னர் ஜில்லென்று கிடந்தது. தனியாக உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் 190 போட்டேன். முழுத் தாளும் என் கையெழுத்து.

14-3-92, சனி

விளக்கம் கொடுத்துவிட்டேன். "தீபாவளியன்று ஆலை ஓடவில்லை. அன்றைய தாளைப் பார்க்கவும். நான் எழுதிய 190 எதுவும் பார்த்து எழுதியதல்ல. 118 பார்த்து எழுதியது." வேறு யாரைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை.

மேடம் அந்தத் தாளை என் எதிரிலேயே எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணா," என்றார்.

அப்போதும் அண்ணா என்றது தாங்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

3-4-92

பதினைந்து நாள் சஸ்பெண்ட் முடிந்தது. பர்னரிலிருந்து கந்தகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை, ஞானசௌந்தரி பங்குச் சாமியாருக்குப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேடம் ஒரு வாரம் தானே ஏணி ஏறி அளந்தாராம். ஹீட்டர்களை விற்கவில்லை. வெயிலில் சூடான தண்ணீரை அடுப்பில் ஏற்றுவதுபோல, 118 வரைக்கும் வீணாய்ப் போகும் சூட்டுக்காற்று, மீதிக்கு ஹீட்டர். பாதிக் கரண்டாவது மிச்சம் என்கிறார். டைரக்டர் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை என்று கேள்வி.

24-6-92, புதன்

புதுக் குழாய் ஓடி மூன்று வாரம் ஆகிறது. புதுத் தெர்மாமீட்டரும் வந்துவிட்டது. கந்தக மூட்டைக் கணக்குக் கொடுக்கப் பர்னர் பக்கம் போனேன். கன்னியப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மகள் கல்யாணம் முடிந்த பிறகு என்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறான். லாக் தாளைப் பார்த்தேன். காலை முதல் எல்லாம் 118. நேற்றும் 118. முந்தாநாளும் 118.

"மீட்டரப் பாத்தியாடா?"

"இன்னாத்துக்கு மாமே? அதான் நீ பாத்துச் சொல்ட்டியே," என்றான். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான்.

ஏணி ஏறினேன். 131. அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு இப்போது அதிகாரம் இல்லை. எழுதிவிட்டு வந்தேன்.