ஊசி போட்ட கோழிகள்

கரவெட்டி
17.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்கக் கர்த்தர் துணைசெய்வாராக. மூன்று நாளாய்ப் போனை எடுக்கிறீர்களில்லை. அதுதான் அச்சுவேலிக்குப் படிப்பிக்க வரும் லவீனாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் தந்த இரண்டு பேட்டுக்கோழிகளையும் என் ஊர்க்கோழிகளோடு விட்டேன். அந்த நேரம் பொரித்த நாற்பது குஞ்சில் மூன்றுதான் மிச்சம். ஒரு கால் முன்னுக்கும் மற்றது பின்னுக்குமாய் இழுபட்டுச் செத்தன. உங்கள் பேடுகள் நன்றாய்த் தின்றுகொண்டு திரிகின்றன. எனக்குப் பயமாயிருக்கிறது.

தங்கச்சி
தேவகுமாரி

அச்சுவேலி
19.02.2025

தங்கச்சிக்கு,

நல்ல கதை. என் பண்ணையின் அறுநூறு கோழியில் ஒன்றுக்கும் நோய் வருத்தமில்லை. எல்லாம் பொரித்த அன்றே தடுப்பூசி போட்டவை. நீ குஞ்சுகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டு என்னைக் குற்றம் சொல்லாதே.

இரண்டாம் திகதி உங்கள் கோயில் அறுப்பு விழாக் காணிக்கை ஏலத்துக்குப் பன்னிரண்டு பேடு தருகிறேனென்று போதகரிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணை
றிச்சர்ட்

கரவெட்டி
22.02.2025

அண்ணை,

மிருகவைத்தியர் தர்சிகாவைக் கூட்டிவந்து காட்டினேன். "ஊசி கோழியைச் சாகவிடாது அக்கா, ஆனால் கிருமியைத் தடுக்காது. முந்தி கொடிய கிருமி கோழியைக் கெதியாக் கொன்றுபோட்டுத் தானும் அழிஞ்சுபோம். இப்ப கோழி சாகாததாலை அதுவும் பிழைச்சு, செட்டையிலை இருந்து உதிர்ற தூளிலை பரவுது. ஊசியிலை பிழையில்லை. ஊசி போடாததுகளோடை சேர்த்ததுதான் பிழை" என்றார்.

இங்கே ஒருவரும் குஞ்சுக்கு ஊசி போடுவதில்லை. ஒரு குப்பியில் ஆயிரம் குஞ்சுக்கு மருந்து, உடைத்தால் உடனே முடிக்கவேண்டும். பன்னிரண்டு பேடும் பன்னிரண்டு வீட்டு வளவுக்குப் போனால் ஊரில் குஞ்சே மிஞ்சாது. தயவுசெய்து அனுப்பாதேயுங்கோ.

தேவகுமாரி

அச்சுவேலி
26.02.2025

தங்கச்சி,

நானும் தர்சிகா டொக்டரிடம் கேட்டேன். அவ சொல்வது சரிதான் போல. ஆனால் சொன்ன கோழியை நிற்பாட்டினால் ஏனென்று கேட்பார்கள். விஷயம் வெளியில் வந்தால் என் பண்ணைப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். நீ வாயைத் திறக்காதே. கோழிகள் வரும்.

றிச்சர்ட்

கரவெட்டி
03.03.2025

அண்ணை,

நேற்று ஏலத்தில் உங்கள் பேடுகள் பன்னிரண்டையும் நானே எடுத்தேன். யார் எவ்வளவு கேட்டாலும் மேலே கேட்டேன். அண்ணையின் காணிக்கையில் எவ்வளவு பாசமென்று சனம் சிரித்தது, போதகர் கைதட்டினார்.

கூடையோடு கோயில் பின்வளவுக்குக் கொண்டுபோய் உரிப்பித்தேன். செட்டையெல்லாம் அங்கேயே எரித்தோம். அந்தக் கிருமி மனிதருக்கு ஒன்றும் செய்யாதாம். மத்தியானம் அந்தக் கறியை எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் பரிமாறிக்கொண்டு நின்றேன்.

போதகரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வாற ஞாயிறு நீங்களே வந்து சபையில் சொல்லுங்கோ. வராவிட்டால் நான் எழும்பிச் சொல்லுவன்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவேண்டாம். உங்கள் உடுப்பிலும் செருப்பிலும் அந்தத் தூள் வருமென்று டொக்டர் சொன்னவ.

அது மட்டும் காரணமில்லை.

தேவகுமாரி