பிளாஸ்டருக்குள் இருந்த நூல்

அன்புள்ள மாமிக்கு,

முழங்கால் வலி குறைந்ததோ? இங்கே சுவிஸில், ஷ்லீரனில் நானும் மகளும் சுகம். இங்கிலாந்தில் ரக்பி லீக் ஆடும் உங்கள் மகனும் சுகம்தான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் அவருக்குத் தலையில் சின்ன அடி. பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கட்டிவிட்ட கோயில் நூலை நடுவர் கண்டால் கழற்றச் சொல்வாரென்று, மணிக்கட்டில் பிளாஸ்டர் சுற்றி மறைத்து ஆடியிருக்கிறார். பிறகு பிளாஸ்டரை வெட்டியபோது நூலும் போய்விட்டது. "நூல்தானே, விடும்" என்று போனில் சிரித்தார். ஐந்து நிமிடத்தில் அதே கதையைத் திரும்பவும் முதல்முறை சொல்வதுபோலச் சொன்னார்.

இந்த வருடம் இது மூன்றாவது அடி. இனி ஆடலாமோ என்று மாதக் கடைசியில் டொக்டர் சொல்வார்.

மிளகாய்த்தூள் பார்சலோடு புது நூலொன்று வையுங்கோ. ஆட வேண்டும் என்று கோயிலில் நேர வேண்டாம், மாமி. வீட்டுக்கு வர வேண்டும் என்று நேருங்கோ. அவரிடம் சொல்லிவிடாதேயுங்கோ.

மகள் எழும்பிவிட்டாள்.

மருமகள்
கோசலா