பம்பளிமாஸ் தோல் வண்டி

அன்பு மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு சுமினி எழுதுகிறாள். அதனால், நீங்கள் கிளம்பிப் போன அன்று வாசலில் உன் புருஷனை நான் சொன்ன வார்த்தையைப் பற்றி இதில் பேசவில்லை.

நோன்புப் பெருநாளுக்காக என் பேத்தி செகாருக்கு இந்த வருடமும் பம்பளிமாஸ் தோலில் வண்டி செய்தேன். சக்கரத்துக்கு என் பழைய ரப்பர் செருப்பை வெட்டினேன். அச்சுக்கு, கறி கோத்துச் சுடும் சாத்தே குச்சி. தோல் நாலு நாளில் சுருங்கிவிடும். உங்கள் ஊர் பாலிக்பாப்பானிலிருந்து வரும் கப்பலில் நீங்கள் வரவில்லை என்று உறுதியாவதற்குள் வருடா வருடம் மூன்று வண்டியாவது ஆகிவிடும். பழத்தையெல்லாம் நான் ஒருவனே தின்கிறேன்.

நேற்று சுமினி வண்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்ன பெரியப்பா, உங்க பேத்தி போறப்ப நாலு வயசு. இப்ப ஒம்போது. இந்தக் கயித்தப் புடிச்சு இழுக்கணும்னா அவ தவழ்ந்துதான் போவணும்!”

அவள் சொன்னது சரிதான். செகாரின் கை தொங்கும் உயரத்துக்கு அன்று அளந்த கயிறு அது. அன்று அவளுக்கு இடது காலில் செருப்பு வார் அறுந்திருந்தது. இப்போது கயிற்றை எவ்வளவு நீட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை நிற்க வைத்து, கையிலிருந்து தரை வரை ஒரு நூலை அளந்து உறையில் போட்டு அனுப்பு. எழுத மனமில்லாவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம். நூலை நானே படித்துக்கொள்வேன்.

உன் அப்பா