மூன்றாவது சாம்பிள்

ஜூன் 9, திங்கள்
விடியற்காலையிலிருந்து தூறல். எங்கள் பேட்டை மல்காஜ்கிரி முழுக்கச் சகதி. லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் புடவை ஓரமெல்லாம் சேறு.

எங்கள் தெரு சுப்பிரமணியம் சார் வந்தார், கூடவே மனைவி லலிதா மாமி. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். வடக்கே மலைக்கோயில் யாத்திரை போய்த் திரும்பிப் பத்து நாள். வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. ஆள் பாதியாகிவிட்டார். ஆன்டிபயாட்டிக் இரண்டு தடவை மாற்றியாயிற்று.

"யாதகிரி கைவேலைம்மா. கை கழுவாம சமைச்சிருப்பான்" என்றார் சார்.

யாதகிரி: டூரில் கூட வந்த சமையல்காரர். போன பதினாறு பேரில் ஏழு பேருக்கு இதே அவஸ்தை. இனி அவரைச் சேர்க்கக் கூடாது என்று சு. சார் கடிதம் எழுதி, கூடப் போனவர்களிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை டூர்க்காரரிடம் தருவாராம்.

முதல் மலச் சாம்பிள்: ஒன்றுமில்லை. கல்ச்சர் போட்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்
வெயில். பங்கினபள்ளி மாம்பழம் இரண்டு கிலோ. சீசன் முடியப்போகிறது.

இரண்டாவது சாம்பிளிலும் இல்லை. கல்ச்சரில் நோய்க்கிருமி ஏதும் வளரவில்லை.

டெக்னீஷியன் நசீமா என்னோடு பதினெட்டு வருஷம் இருந்து தமிழ் கற்றவள். "ரெண்டு தடவை பாத்தாச்சு மேடம். கைக்கு இன்னொண்ணு?" அவளுடைய 'கைக்கு' என்றால் 'எதற்கு'.

சில ஒட்டுண்ணிகள் தினமும் வெளியே வருவதில்லை. மூன்று நாள் பார்த்தால்தான் நிச்சயம். மாமிக்கு போன் செய்தேன்.

"டப்பாவத் தூக்கிண்டு இனிமே ஆட்டோல வரமாட்டாராம். மானம் போறதாம். நானே கொண்டு வரேன்."

ஜூன் 11, புதன்
மாமி ஸ்வீட் கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்! நசீமா பையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டுவிட்டாள்.

ஸ்லைடில் ஒரு சொட்டு அயோடின். மூலையில், பழுப்பாக, முட்டை வடிவில். உள்ளே நான்கு உட்கருக்கள். ஜியார்டியா, குடல் ஒட்டுண்ணி. பக்கத்தில் இன்னொன்று. "நசீமா, இங்க வா!" என்று கத்தியிருக்கிறேன். இத்தனை வருஷமாகியும் இந்தச் சந்தோஷம் போகவில்லை. டாக்டருக்கு உடனே ரிப்போர்ட். மாத்திரை இன்றே.

ஆனால் மைக்ராஸ்கோப் 'என்ன' என்றுதான் சொல்லும். 'எங்கிருந்து' என்பதை மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா மாமி?"

"இல்லையே. அவர் சாப்பிட்டதெல்லாம்தான் நானும் சாப்பிட்டேன்."

"தண்ணி?"

"யாதகிரி கொதிக்க வெச்சு என் பிளாஸ்க்ல ஊத்தித் தருவான். இவர்தான் ஓடைத் தண்ணியத் தீர்த்தம்னு அள்ளி அள்ளிக் குடிச்சார்."

ஜூன் 12, வியாழன்
மதியம் முழுக்க போன். மாமி கொடுத்த நம்பர்கள்.
நோய் வந்த ஏழு பேர்: ஆறு பேர் ஓடைத் தண்ணீர் குடித்தவர்கள். ஏழாமவர், "நான் குடிக்கவே இல்லை" என்று சத்தியம் செய்தார். பிறகு மெதுவாக, "பல் தேய்ச்சேன்."
நன்றாக இருப்பவர்களில் போனில் கிடைத்தது ஐந்து பேர்: யாரும் குடிக்கவில்லை. சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான்.
கோர்ட்டுக்குப் போதாது. எனக்குப் போதும்.

மாலையில் சு. சார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"அவன் சொன்னாம்மா. 'அந்தத் தண்ணி நக்கோ, வேணாம் சார்'னு மூணு தடவை சொன்னான். எனக்கே பாடம் எடுக்கறியாடான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

மாமி காபி கொண்டுவந்தார். நல்ல காபி.

ஜூன் 13, வெள்ளி
மின்வெட்டு ஒரு மணி நேரம். துவைத்த துணி காயவில்லை.

மாமி போன். நேற்றிலிருந்து வயிறு அடங்கியிருக்கிறது. சார் கடிதத்தைக் கிழித்துவிட்டார். காலையில் தானாகவே சட்டை மாட்டிக்கொண்டு, மாமியையும் அழைத்துக்கொண்டு, அல்வாலில் யாதகிரி வீட்டுக்குப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்க ஆட்டோவில் ஒத்திகை வேறு.

கதவைத் திறந்ததும் யாதகிரி முந்திக்கொண்டாராம்: "வயிறு எப்படி இருக்கு சார்?"

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. யாதகிரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உள்ளே உப்புமா தயாராக இருந்ததாம். இரண்டாவது தட்டை இவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.