மைத்துனன் வயிற்றில் நீலக்கல்

ஐப்பசி 12, சனிக்கிழமை.

ஏழரைச் சனிக்கு நீலம் போடச் சொன்னார்களென்று இலங்கைக் கல் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வாங்கி வந்தேன். ஒத்து வராவிட்டால் நாளை வியாபாரியிடம் திருப்பித் தரவேண்டும். அசல் நீலம் பாலையே நீலமாகக் காட்டுமாம். நேற்று அதைக் கிண்ணப் பாலில் போட்டு வைத்தேன். கோட்டைக்குப்பத்திலிருந்து வந்த மைத்துனன் பாலை ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

"கல்கண்டுனு முழுங்கிட்டேன் மாமா."

இன்று அவன் வலையில் இறால் கொட்டியிருக்கிறது. பேதி மருந்தை நீட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

"இன்னாத்துக்கு மாமா? கல்லு எனக்கு ஒத்துக்கிச்சு."

இரவு அவன் சாப்பிட வந்தபோது பெரிய செம்பு மோரில் மருந்தைக் கலந்து வைத்தேன். என் மனைவி எப்போதும் தம்பிக்குத்தான் பெரிய செம்பைக் கொடுப்பாள். இன்றைக்கென்று அவளுக்குப் புருஷன்மேல் பாசம் பொங்கிவிட்டது.

"கோட்டையில ஒல்லாந்துத் துரைங்களுக்குத் துபாஷியாப் பேசிப் பேசித் தொண்ட வறண்டு வந்துகீறீங்க. குடிங்க."

குடித்து முடித்த பிறகுதான் செம்பைப் பார்த்தேன்.

மைத்துனன் கல்லோடு குறட்டை விடுகிறான். சனி அவனிடம் சுகமாகத்தான் இருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த விளக்கையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.