பினோப்தலினும் என் இருமலும்

சேர்,

பினோப்தலின் சீசாவைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் இருமல் வருகிறது. சளியும் இல்லை, சுருட்டுப் பழக்கமும் இல்லை. இன்று காலை, நாளைக்கு வரப்போகும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக அந்த வெள்ளைத் தூளை ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் தொண்டை தானாகவே செருமியது. பக்கத்து மேசையில் குடுவை கழுவிக்கொண்டிருந்தவர், "என்னங்க, டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?" என்று கேட்டார். அதெல்லாம் பதுளை ஆஸ்பத்திரியிலேயே காட்டியாயிற்று என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் தங்கை எழுதிய கடிதம் ஒரு மாதமாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. அவருக்கு நாலு வரியில் பதில் போட்டுவிட்டேன். உங்களுக்கு நாலு வரி போதாது.

நாம் இருவரும் முதலில் சண்டையில்தான் அறிமுகமானோம். அப்போது இரண்டு பேருக்கும் இருபத்தெட்டு வயது. நீங்கள் பட்டம் பெற்றுப் பதுளைக் கல்லூரிக்கு வந்த இரசாயன ஆசிரியர். நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவன். பெண்கள் கொட்டும் கொழுந்தில் அரை இறாத்தல்கூடக் குறைக்க மாட்டேன் என்று நின்றதால் கணக்கப்பிள்ளைக்கும் எனக்கும் ஆகாமல் போயிற்று. தோட்டத்தை விட்டு வந்து கல்லூரி ஆய்வுகூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். கரைசல் கலப்பது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, தராசைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்கான விஞ்ஞான வகுப்பை அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள். உங்களுக்கும் எனக்கும் அதுதான் முதல் வகுப்பு.

முதல் செய்முறை நாளில் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு நீங்களே செய்து காட்டினீர்கள். குடுவையில் அமிலம், அதில் நிறம் காட்டுவதற்கு மூன்று துளி பினோப்தலின், மேலே பியூரெட் என்கிற கோடு போட்ட நீளக் குழாயில் கோஸ்டிக் சோடா. துளி துளியாக விழுந்தது. இருபத்தைந்தாவது கோட்டில் மெல்லிய ரோஸ் நிறம் வந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். அந்த இடத்தில் குழாயை மூட வேண்டும் என்பதுதான் பாடமே. நீங்கள் மூடவில்லை. குடுவைத் தண்ணீர் பீட்ரூட் அவித்த தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் நிறுத்தி, கோட்டைப் பார்த்து முகம் சுளித்தீர்கள்.

"கரைசல் பிழை. ஆர் கலந்தது?"

"நான்தாங்க சேர்."

"நிறுவையைச் சரியாப் பாரும் காணும். இது மரக்கறிக் கடை இல்லை."

பிள்ளைகள் சிரித்தார்கள். என் காது சுட்டது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன் சேர், என் நிறுவையைச் சொன்னால் பொறுக்க மாட்டேன். மூன்று தரம் நிறுத்து வைத்த கரைசல் அது. குழாயை மூடத் தெரியாதவருக்கு வாய் மட்டும் நீளம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மேசையைத் துடைத்தேன்.

வகுப்பு கலைந்ததும் இரண்டு குடுவைகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் குழந்தையின் நகத்தில் இருப்பதுபோல் மெல்லிய ரோஸ் நிறம். "சேர், இதுல எதுக்கு நெறம் வந்துருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன். சண்டைக்குத்தான் கூப்பிட்டேன். நீங்கள் குனிந்து நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு வெறும் தண்ணீரைக் காட்டினீர்கள்.

"சிவப்பும் பச்சையும் எனக்குச் சின்னனிலையிருந்தே பிடிபடாது" என்றீர்கள். "கம்பஸில பக்கத்து மேசைக் கூட்டாளி மெல்லச் சொல்லித் தருவான். அப்பிடித்தான் பாஸ் பண்ணினனான். இது வெளியில தெரிஞ்சா என்னை ஆர் இரசாயனம் படிப்பிக்க விடுவினம்?" பிறகு, "உம்மட நிறுவை சரி. பிழை என்ர கண்ணில. மன்னிச்சுக்கொள்ளும்" என்றீர்கள்.

மன்னிப்புக் கேட்கிற துரைமாரையோ வாத்தியார்மாரையோ அதுவரை நான் பார்த்ததில்லை. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வேலய விட்டுப் போறேன் கீறேன்னு நெனைச்சிராதீங்க சேர். நெறம் வந்ததும் நான் இருமுறேன். நீங்க குழாய மூடிருங்க."

அப்படித் தொடங்கியதுதான் அந்த இருமல். துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கிற டைட்ரேஷனுக்கு ஒரு தரம். உப்பைச் சுவாலையில் காட்டும்போது பச்சை எரிந்தால் ஒன்று, சிவப்பு எரிந்தால் இரண்டு. நம் திருட்டுத்தனம் அருமையாக நடந்தது. பிள்ளைகள்தான் பாவம், எனக்காக இஞ்சியும் கொத்தமல்லியும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். அதிபர் பயந்துபோய் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்து, ஒரு வருத்தமும் இல்லை என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டை அதிபரிடம் நீட்டிய அதே நாளில் செய்முறை வகுப்பு. நான் ஏழு தரம் இருமினேன். துண்டை எழுதிய டாக்டர்மேல் அதிபருக்கு இருந்த நம்பிக்கையும் போயிற்று.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த இருமலில் எனக்கு ஒரு செருக்கு இருந்தது. பட்டம் பெற்ற மனிதருக்கு நான் கண்ணாக இருக்கிறேன் என்ற செருக்கு. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வேறு யாருக்கு அப்படி ஓர் உத்தியோகம் கிடைத்தது?

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அவர் ஆய்வுகூடத்தையும் ஆசிரியரையும் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் வகுப்பு நிலைக்கும், உங்கள் வேலையும் நிலைக்கும். மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். ஒரு துளிகூடத் தவறவில்லை. அவர் வந்த காலையில் அதிபர் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"நீர் இண்டைக்கு உள்ளுக்கை வரப்படாது. கொழும்பு மனுசனுக்கு முன்னால நிண்டு இருமித் துலைப்பீர். சாமான் அறைக்குள்ளை இரும்."

சொன்னதோடு நிற்காமல் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டார். நாம் வைத்த இருமலே நமக்கு வினையாகிவிட்டது.

கதவில் ஒரு சிறிய கண்ணாடி இருந்தது. அதில் முகத்தை வைத்துப் பார்த்தேன். வித்தியாதரிசி உயரமான சிங்கள மனிதர், மெதுவாக ஆங்கிலம் பேசினார். சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, ஒரு டைட்ரேஷன் செய்து காட்டும்படி உங்களிடம் கேட்டார். நீங்கள் பியூரெட்டின் கீழே குடுவையைப் பிடித்தீர்கள். உங்கள் முதுகு குடுவையை முழுதாக மறைத்தது. துளி விழுவது தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. எப்போது இருமுவது? வாழ்க்கையில் அப்படித் தவித்ததில்லை. வேலை போய் நீங்கள் பெட்டியோடு பதுளை ஸ்டேஷனில் நிற்பது என் கண்ணில் வந்தது.

நீங்கள் குழாயை மூடினீர்கள். குடுவையை மேசையில் வைத்துவிட்டு, அறை முழுதும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "ஐயா, இந்த நிறம் என் கண்ணுக்குத் தெரியாது. இதுவரை என் உதவியாளர் இருமிக் காட்டினார். அவரைச் சாமான் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்."

அதிபரின் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார் அந்த மனிதர். நான் வியர்த்து வழிந்துகொண்டு வந்து நின்றேன். "செய்யுங்கள், அவர் எப்படிக் காட்டுகிறார் என்று பார்க்கிறேன்" என்றார். நீங்கள் திருகினீர்கள், நான் இருமினேன், நீங்கள் மூடினீர்கள். அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். துல்லியமாக இருந்தது. பிறகு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவர் வாயால் சொன்னால் என்ன?"

உங்களுக்கு வெட்கம், எனக்குச் செருக்கு. இரண்டுக்கும் நடுவில் அந்தச் சின்ன விஷயம் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

அவர் முடிவைப் பிறகு எழுதுவதாகச் சொல்லிக் காரில் ஏறிப் போனார். மூன்று கிழமை நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, ஊருக்கு எழுதிய கடிதங்களைக் கிழித்துக் கிழித்துப் போட்டீர்கள். கடைசியில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. வகுப்பு நடக்கலாம். நீங்கள் இருக்கலாம். செய்முறை நடக்கும்போது உதவியாளர் கட்டாயம் கூட நிற்க வேண்டும். அதிபர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

அடுத்த செய்முறை நாளில் பிள்ளைகளுக்கு உங்கள் கண்ணைப் பற்றி நீங்களே சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "இனி இருமாதையும். வாயைத் திறந்து சொல்லும்."

சேர், நான் தயங்கினேன். பன்னிரண்டு பேரும் கிளாக்கர்மார் வீட்டு, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், இங்கிலீஷில் பேசுகிறவர்கள். என் வாயில் இருந்தது லயத்துப் பேச்சு. இருமலுக்கு மட்டும்தான் ஊரும் இல்லை, தோட்டமும் இல்லை. துளி விழுந்தது. நிறம் வந்தது.

"இப்ப மாறிருச்சுங்க சேர். ரோஸ் நெறம் வந்துருச்சு. நிப்பாட்டுங்க."

பின்னால் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். நீங்கள் குழாயை மூடினீர்கள். என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தீர்கள்.

"என்ன சிரிப்பு? கொப்பியை எடுங்கோ. அவர் சொன்னதை எழுதுங்கோ."

பன்னிரண்டு பேனாவும் அசைந்தன. என் வாயிலிருந்து வந்ததை ஒருவர் எழுதிக்கொள்வது அதுவே முதல் தடவை. அழுகை வந்தது, பியூரெட்டைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நீங்கள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் அடுத்த குடுவையை எடுத்தீர்கள்.

இப்போது நான் வேலை பார்க்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் பெரிய பெரிய பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னாலும் அதே பேச்சில், கண்டதைக் கண்டபடி சொல்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு நாற்பது பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்ப்பார்கள் சேர்.